மனைக்கோழியும் வெருகும்: காவல் முறையின் வரலாறு

1. முன்னுரை

பண்டைத் தமிழர்தம் மனை வாழ்க்கையை ஆராய்ந்தோர் ஆவும் எருமையும் யானையும் குதிரையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். முற்றத்தில் மேயும் கோழியைப் பற்றி எழுதினோர் சிலரே. நிலமும் ஆநிரையும் இல்லாத மனையிலும் கோழி உண்டு. வறியவர் இல்லத்தில் விருந்துக்கும் அவசரச் செலவுக்கும் உதவும் செல்வம் அதுவே. ஆதலின் அதனைக் காத்த முறையின் வரலாறு எளிய மக்களின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பகுதியாகும்.

கோழிக்குப் பகை பல. பகலிற் பருந்தும் வல்லூறும் காக்கையும் கீரியும் வரும். அந்தியிலும் இரவிலும் காட்டுப்பூனையும் மரநாயும் நரியும் வரும். இப்பகைகளைத் தடுக்க முற்படுவார்க்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. அதே மனையில் நாய் வாழ்கின்றது, பூனை வாழ்கின்றது, குழந்தைகளும் விளையாடுகின்றனர். பகைக்கென வைக்கும் பொறியும் நஞ்சும் இவர்களைத் தீண்டாது விடா. கோழியையும் காத்து, மனையிலுள்ள ஏனைய உயிர்களுக்கும் ஊறு நேராமற் செய்யும் வழி யாது? தமிழ் மக்கள் அவ்வழியைக் கண்டிருந்தனரா? கண்டிருந்தனராயின் அது நெகிழ்ந்தது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு இலக்கியம், இலக்கணம், நடுகல், இன்றைய உயிரியல் ஆகியவற்றின் துணைகொண்டு விடை காண முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கோழி மனைக்கு வந்த வரலாறு

மனைக்கோழியின் முன்னோர் தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் செந்நிறக் காட்டுக்கோழி என்பது உயிரியலார் துணிபு. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, மனைக்கோழியின் ஐயத்திற்கிடமில்லாத பழைய எலும்புகள் தாய்லாந்தில் பான் நோன் வாட் என்னுமிடத்திற் கிடைத்தவை என்றும், அவை கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை என்றும் கூறுகின்றது. நெல்லும் தினையும் விளைத்த மக்களின் குடியிருப்பை நாடியே காட்டுக்கோழி வந்து பழகியது என்பது அவ்வாராய்ச்சியாளர் கருத்து. தென்னாட்டுக் கானக்கோழிக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. மனைக்கோழிகள் பலவற்றின் மஞ்சள் நிறத் தோலுக்குரிய மரபணு, இந்தியத் தீபகற்பத்தில் வாழும் சாம்பல் நிறக் கானக்கோழியிடமிருந்து வந்தது என்பது 2008இல் நிறுவப்பட்டது.

இச்செய்திகளாற் பெறப்படுவது ஒன்றுண்டு. கோழியை மனைக்கு ஈர்த்தது தானியம். அத்தானியமே எலியையும் ஈர்த்தது. எலியை நாடிப் பூனையினம் வந்தது. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன்னர் மனிதரோடு ஒருங்கு புதைக்கப்பெற்ற பூனையின் எலும்புக்கூடு கண்டறியப்பட்டது. அச்செய்தி 2004இல் வெளிவந்தது. வேளாண்மை தொடங்கிய காலத்தையொட்டிப் பூனை மனிதரை அணுகிற்று என்பதற்கு அது சான்று. எனவே கோழியும் அதன் பகையும் ஒரே களஞ்சியத்தைச் சுற்றி வந்தவையே.

சங்க நூல்கள் இந்நிலையைத் தெளிவாகக் காட்டுகின்றன. பட்டினப்பாலையில், முற்றத்தில் உலரும் தானியத்தைக் கொத்தவரும் கோழியின்மீது மகளிர் தம் காதணியைக் கழற்றி எறிகின்றனர். அவ்வணி சிறுவரின் தேருக்குத் தடையாகக் கிடக்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வ வளம் காட்டவே புலவர் அதனைக் கூறினார். எனினும் கோழி முற்றத்தில் தடையின்றித் திரிந்தது என்னும் உண்மையும் அதனால் விளங்கும். பெரும்பாணாற்றுப்படை, மருத நிலத்து உழவர் மனையில் வளர்ந்த கோழியைப் பொரித்து வெண்சோற்றோடு விருந்தினர்க்கு அளித்தமை கூறும். குறுந்தொகை 107ஆம் பாட்டில், விடியலை அறிவித்துத் தன் இன்பத்துயிலைக் கெடுத்த சேவலைத் தலைவி சினந்து, நள்ளிரவில் வீட்டெலியை எதிர்நோக்கியிருக்கும் வெருகின் குட்டிக்கு இரையாகித் துன்புறுக என்று சபிக்கின்றாள். இப்பாட்டு நம் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. வெருகு மனையருகே வருதற்குக் காரணம் எலி என்பதும், எலிக்கு வந்த விலங்கு கோழியையும் கொள்ளும் என்பதும் இதனுள் ஒருங்கே கூறப்படுகின்றன. வெருகால் மனையோர்க்குத் தீங்கும் உண்டு, பயனும் உண்டு.

3. வெருகு என்பது எது?

வெருகு என்னும் சொல்லால் எவ்விலங்கு குறிக்கப்பட்டது என்பதை ஈண்டு ஆராய்தல் வேண்டும். தொல்காப்பிய மரபியல், மூங்கா எனப்படும் கீரி, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கன் இளமைக்குக் குட்டி என்னும் பெயரை வகுக்கின்றது. இந்நான்கும் மனையையும் அதன் வேலியையும் சுற்றி வாழும் சிற்றுயிர்கள் என்பது கருதற்பாலது. அவ்வியலே பிறிதோரிடத்தில், வெருகினைப் பூசை என்று வழங்குதலும் உலக வழக்கில் நிலைபெற்றமையால் விலக்கத்தக்கதன்று எனக் கூறுகின்றது. காட்டு விலங்கிற்கும் மனை விலங்கிற்கும் பெயரளவில் எல்லை நெகிழ்ந்திருந்தமையை இலக்கண ஆசிரியரே உணர்ந்து உடன்பட்டார் என்பது இதனாற் போதரும். நாய்க்கும் நரிக்கும் குருளை என்னும் ஒரே இளமைப்பெயர் வகுக்கப்பட்டிருத்தலும் இதனோடு ஒப்பிடத்தக்கது.

மலையாளத்தில் வெருகு என்னும் சொல் இன்று புனுகுப்பூனை, மரநாய் ஆகியவற்றின் இனத்தைக் குறிக்கின்றது. இதுகொண்டு சங்கப் பாடல்களின் வெருகும் அதுவே எனக் கூறுவாரும் உளராகலாம். ஆயினும் பாடல்களின் அகச்சான்று வேறுபடுகின்றது. முல்லையின் கூரிய சிற்றரும்பு வெருகின் பல்லோடு ஒப்பிடப்படுகின்றது. புறநானூறு 117ஆம் பாட்டிற் கபிலரும், குறுந்தொகை 220ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியாரும், 240ஆம் பாட்டிற் கொல்லன் அழிசியும் இவ்வுவமையை ஆள்கின்றனர். வெண்மையும் கூர்மையும் சிறுமையும் ஒருங்கமைந்த பல் பூனையினத்திற்கே மிகப் பொருந்துவது. எலியை நோக்கிப் பதுங்கியிருத்தலும் பூனையின் இயல்பே. தொல்காப்பியர் பூசையென்னும் பெயரை இதற்கு உடன்பட்டமையும் இக்கருத்தை வலியுறுத்தும். ஆகவே வெருகு என்பது சிறப்பாகக் காட்டுப்பூனையையும், பொதுவகையால் இரவில் மனையருகே உலவும் அதனையொத்த விலங்குகளையும் குறித்தது எனக் கொள்ளுதல் தகும்.

தமிழகத்தில் இன்றும் இவ்வினங்கள் உள. நாணற்புதரிலும் கரும்புத் தோட்டத்திலும் வாழும் காட்டுப்பூனை அவற்றுள் ஒன்று. துருநிறப் புள்ளிகளையுடைய மிகச் சிறிய பூனை மற்றொன்று. அதனைப் புதுச்சேரியிலிருந்து பெற்ற சான்றைக் கொண்டு 1831இற் பிரெஞ்சு அறிஞர் செப்ராய் செயின்ட் இலேர் உலகிற்கு அறிவித்தார். இது மனைப்பூனையினும் சிறியது. இருளில் இதனையும் மனைப்பூனையையும் வேறுபடுத்தி அறிதல் எளிதன்று. காட்டுப்பூனை மனைப்பூனையோடு கூடிக் குட்டி ஈனுதலும் உண்டு. வெருகும் பூசையும் ஒன்றாகப் பேசப்பட்ட வழக்கு மக்களின் அறியாமையால் எழுந்ததன்று. இயற்கையிலேயே அவ்வெல்லை மெல்லியது. கண்ணாற் பகுத்தறிதற்கு அரிய இவ்வெல்லையை ஒரு கண்ணியோ நஞ்சுண்டையோ எங்ஙனம் பகுத்தறியும்?

4. இலக்கியம் காட்டும் காவல்

கோழியும் வெருகும் எதிரெதிர் நிற்கும் காட்சியை விளக்கமாகத் தருவன இரண்டு பாடல்கள். ஒன்று ஒக்கூர் மாசாத்தியார் இயற்றிய குறுந்தொகை 139ஆம் பாட்டு. மாலைப்பொழுதில் வேலியருகே வெருகுகள் வந்தனவாக, குறுகிய காலையுடைய பேடை புகுதற்கு இடம் அறியாது வருந்தித் தன் குஞ்சுகளை ஒருங்கு கூட்டக் கூவுகின்றது. பரத்தையிடமிருந்து மீண்டுவந்த தலைவனை வாயில் மறுக்கும் தோழி, அலர் மொழியின் துன்பத்திற்கு அக்கூவலை உவமையாக்குகின்றாள்.

இவ்வுவமையில் நிகழ்ச்சியின் கூறுகள் மிக நுட்பமாக அமைந்துள்ளன. காலம் மாலை; இடம் வேலி; துன்பத்திற்குக் காரணம் பகை வந்தமை மட்டுமன்று, புகலிடம் அறியாமையும் ஆகும். மாலை மங்கும் வேளையே வெருகு புறப்படும் வேளை என்பதும், அந்தி தொடங்கிக் கோழியின் பார்வை குன்றும் என்பதும் இன்றைய உயிரியலார்க்கும் உடன்பாடு. பகைக்கு வேட்டைப்பொழுது தொடங்குகையில் கோழிக்குக் கண்ணொளி மங்குகின்றது. அப்பொழுதிற்கு முன்னரே புகுமிடம் ஒன்று இருந்திருப்பின் அவலம் இல்லை. அதனை அறிந்த மனையிற் பிறந்தார்க்கே இவ்வுவமை தோன்றும்.

மற்றொன்று தங்கால் பொற்கொல்லனார் பாடிய புறநானூறு 326ஆம் பாட்டு. ஊரின் பழைய வேலியில் உலவும் வெருகிற்கு இருளில் அஞ்சிய இளம்பேடை உயிர் நடுங்கிக் கதறுகின்றது. அவ்வேளையில் பஞ்சு நூற்கும் பெண்ணொருத்தி செத்தையைப் புடைத்து நீக்க எழுகின்றாள். அவள் கொண்ட சிறு விளக்கின் ஒளியில், முருக்கம்பூப் போன்ற கொண்டையையுடைய சேவலைக் கண்டு பேடை அமைதியுறுகின்றது. இவ்விளக்குக் கோழியைக் காக்க ஏற்றப்பட்டதென்று கூறுதல் பொருந்தாது. அப்பெண் எழுந்தது தன் தொழிலின் பொருட்டே. விளக்கு வெருகினை ஓட்டியதாகவும் புலவர் கூறவில்லை. பேடையின் அச்சத்தைத் தணித்தது என்றே கூறுகின்றார். இருளில் ஒன்றும் காணமாட்டாத பறவைக்கு ஒளி ஆறுதல் தந்தது என்பதே பொருள். எனினும் மனைப்பெண்டிர் இரவிலும் விழித்துத் தொழில் செய்த இல்லத்தில், அவ்விழிப்பே கோழிக்கும் ஒருவகைக் காவலாயிற்று என்பதை மறுத்தற்கில்லை.

நாயின் காவலைப் பரணர் பாடிய அகநானூறு 122ஆம் பாட்டால் அறியலாம். இரவுக்குறிக்கு நேரும் இடையூறுகளை அடுக்கிக் கூறும் தலைவி, ஊரும் தாயும் காவலரும் உறங்கினும் நாய் குரைக்கும் என்கின்றாள். அது ஓய்ந்தாலும் நிலவும் கூகையும், ஈற்றில் மனைச் சேவலும் தடையாகும் என்கின்றாள். காதலர்க்கு இடையூறாயின இவையே மனைக்குக் காவலாயின. நாயும் சேவலும் ஒரே இரவின் இரு காவலராக ஈண்டு வைக்கப்பட்டமை காண்க.

5. பொறியை அறிந்தும் வையாமை

மேற்காட்டிய பாடல்களில் எவரும் வெருகினைக் கொல்லவில்லை, பொறி வைக்கவுமில்லை. இதுகொண்டு பண்டைத் தமிழர் அருள் மிகுதியால் வெருகினை விட்டுவைத்தனர் எனல் மிகையாகும். அகப்பாடலின் நோக்கம் வேறு. கூறாமை ஒன்றே இன்மைக்குச் சான்றாகாது. ஆயினும் பொறி வகைகளை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று உண்டு. புலியை அகப்படுத்த வேட்டுவர் மாட்டிய பெருங்கற்பொறியாகிய அடாரைப் புறநானூறு 19ஆம் பாட்டு உவமையாகக் கூறும். பெருங்கௌசிகனார் இயற்றிய மலைபடுகடாம், விளைபுனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சி மக்கள் அவை புகும் வழிதோறும் கல்லடார் வைத்திருந்தமையை உரைக்கின்றது.

மலைபடுகடாத்துச் செய்தி அவ்வளவில் நின்றுவிடவில்லை. அடார்கள் உள்ள வழியாதலின் நள்ளிருளில் நடவாது, தங்கியிருந்து பொழுது விடிந்தபின் செல்லுமாறு கூத்தர்க்கு அறிவுரை கூறப்படுகின்றது. பன்றிக்கு வைத்த பொறி மனிதரையும் கொல்லும் என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர். அதனை வழிப்போக்கர்க்கு எடுத்துரைத்தலைக் கடமையாகக் கொண்டனர். எச்சரிக்கையைக் கேட்டு விலகுதல் மனிதர்க்கு இயலும். மனை நாய்க்கும் பூனைக்கும் அது இயலாது. அடார் புனத்திற்கும் காட்டிற்கும் உரியதாகக் கூறப்பட, முற்றத்தைப் பற்றிய பாடல்களில் அது காணப்படாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். குழந்தையும் நாயும் கோழியும் உலவும் முற்றத்தில் கற்பொறிக்கு இடமேது?

6. காவல் நாய்க்கு நடுகல்

காக்கும் விலங்கிற்குத் தமிழர் அளித்த மதிப்பைக் கல்வெட்டுகள் உணர்த்துகின்றன. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்மன் ஆட்சிக்காலமாகிய கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. அதில் வீரனொருவன் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் பொறிக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் பெயருடைய அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதெனக் கல்லெழுத்துக் கூறுகின்றது. நாயின் பெயரும் செயலும் வீரனுடைய பெயரோடு கல்லில் நிலைபெற்றன. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சேவலின் உருவம் பொறித்த பழைய நடுகல் உண்டு. அது கோழிப்போரோடு தொடர்புடையது.

மனைக் காவலைக் குறித்து ஆராய்வார்க்கு எடுத்தனூர்க் கல் ஓர் உண்மையை நினைவூட்டும். நாய், காக்கப்படும் உடைமை மட்டுமன்று. காக்கும் உயிரும் அதுவே. பகையைக் கொல்லக் கருதி நாயைப் பலிகொடுப்பது, மதிலைக் காக்கக் கருதி வாயிற்காவலனைக் கொல்வதனோடு ஒக்கும்.

7. கூடும் பஞ்சாரமும்

பிற்காலத்துத் தமிழகச் சிற்றூர்களில் நிலைபெற்ற காவல் முறை, குறுந்தொகைப் பேடைக்கு இல்லாதிருந்த புகுமிடத்தை அமைத்துத் தந்தது எனலாம். மூங்கிற் சிம்பால் கவிகை வடிவிற் பின்னப்பட்ட பஞ்சாரம் பகற்பொழுதிற் குஞ்சுகளையும் தாயையும் மூடிவைக்க உதவியது. பருந்தும் காக்கையும் கீரியும் அதனுட் புக இயலா. மனைப்பூனையும் வெளியே நின்று நோக்கியவாறே செல்லும். குஞ்சினைக் கண்ட பூனையை அடித்து விரட்ட வேண்டிய தேவை அதனால் இல்லாதொழிந்தது. குஞ்சிற்கும் பூனைக்கும் ஒருங்கே நன்மை செய்தது இம்மூங்கிற் கவிகை.

இரவிற்குக் கோழிக்கூடு அமைந்தது. திண்ணையின் கீழும் சுவரோரத்தும் மண்ணாலும் கல்லாலும் மரத்தாலும் அதனை அமைத்து, விளக்கேற்றும் வேளைக்குள் கோழிகளை எண்ணி அடைத்து, வாயிலைப் பலகையாலோ கல்லாலோ மூடுதல் மனைப்பெண்டிரின் அன்றாடப் பணியாயிற்று. இப்பணியின் சிறப்பு அதன் காலத்தில் உள்ளது. பகை வருமுன் அடைக்கப்படுகின்றது. ஆதலின் பகையோடு போர் இல்லை. இரவிற் கூட்டைச் சுற்றி வந்த வெருகு எலியைக் கொண்டு செல்லும். அது மனையோர்க்கு ஆதாயமே.

8. நஞ்சு புகுந்த வரலாறு

எட்டியினத்து வித்துகளினின்றும் இசுட்ரிக்னைன் என்னும் கொடிய நஞ்சினைப் பெல்லத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் 1818இற் பிரித்தெடுத்தனர். அதன்பின் உலகின் பல பகுதிகளில் ஓநாயையும் நரியையும் தெருநாயையும் கொல்ல அது பயன்படலாயிற்று. பிரித்தானியர் ஆட்சியில் கொடுவிலங்குகளைக் கொல்வார்க்குப் பரிசுப்பணமும் வழங்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் பயிருக்கென விற்கப்பட்ட பூச்சிமருந்துகள் சிற்றூர்தோறும் பரவின. இறந்த கோழியின் உடலில் அம்மருந்தைத் தூவி வேலியோரத்தில் வைக்கும் தீய வழக்கம் இவ்வாறு எளிதாயிற்று.

நஞ்சின் செயல் ஓருயிரோடு முடிவதன்று. நஞ்சுண்ட நரியின் உடலை நாய் தின்னும். காக்கையும் பருந்தும் தின்னும். எலிக்கு வைத்த நஞ்சு, தளர்ந்த எலியைப் பற்றிய பூனையையும் சாரும். பூனை இறந்தபின் எலி பெருகும். எலி பெருகின் முட்டையும் குஞ்சும் தானியமும் அழியும். எலியை நாடி மீண்டும் வெருகு வரும். காவலுக்கென்று வைத்த நஞ்சு காவலரை முதலில் அழித்துப் பகைக்கு வழி திறந்துவிடுகின்றது.

சட்டமும் இதனைத் தடுக்கின்றது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. விலங்குகட்குத் தீங்கு தரும் பொருளை வேண்டுமென்றே உட்செலுத்துதல் அதன்படி குற்றமாகும்; இசுட்ரிக்னைனைப் பெயர் சுட்டியே அச்சட்டம் விலக்குகின்றது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்னும் சொல், கொல்லுதலோடு நஞ்சிடுதல், கண்ணி வைத்தல், பொறியில் அகப்படுத்தல் ஆகியவற்றையும் தழுவி நிற்கின்றது. காட்டுப்பூனையும் கீரியும் நரியும் அச்சட்டத்தின் காப்பிற்கு உட்பட்டவை.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முடிபுகள் இவை. கோழியும் வெருகும் தானியத்தைச் சுற்றி மனையை அணுகின. வெருகிற்கும் மனைப்பூனைக்கும் இடையிலுள்ள எல்லை மெல்லியது என்பதைத் தொல்காப்பியரே உணர்ந்திருந்தார். அடார் வைக்க அறிந்திருந்த மக்கள், அது பிறரையும் கொல்லும் என்பதையும் அறிந்திருந்தனர். மனைக்கோழியைக் காத்தவை புகலிடமும் காலந்தவறாமையும் நாயின் விழிப்புமே.

இன்று கோழி வளர்ப்பார்க்கும் இம்முறையே ஏற்றது. பொருள் மட்டும் மாறலாம். மூங்கிற் சிம்பிற்கு மாறாக அரை அங்குலக் கண்ணுடைய வலிய கம்பிவலை கொள்ளலாம். மரமேறும் மரநாய்க்காகக் கூட்டின் மேற்புறமும் மூடப்படல் வேண்டும். தோண்டும் நரிக்காக வலை நிலத்தினுள் ஓரடி ஆழம் இறங்குதல் நன்று. விலங்கு தள்ளித் திறவாதபடி வாயிலுக்குத் தாழ் வேண்டும். சிந்திய தீனியை மாலையில் அகற்றினால் எலி குறையும். எலி குறைந்தால் வெருகின் வரவும் குறையும். இவற்றுள் ஒன்றேனும் நாய்க்கோ பூனைக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்வதன்று.

ஒக்கூர் மாசாத்தியார் பாடிய பேடை புகுமிடம் அறியாது வருந்திற்று. வெருகினைக் கொல்வார் இல்லையே என்று வருந்தியதாக அவர் பாடவில்லை. அப்பேடைக்கு வேண்டியிருந்தது அந்திக்கு முன் திறந்திருந்து, அந்தியில் அடைக்கப்படும் ஒரு சிறு வாயில். அதனை அமைத்துத் தருதல் இன்றும் நம் கையில் உள்ளது.